மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்

கொழிஞ்சாம்பாறை: ஆழியாற்று நீரை எதிர்நோக்கி வாழும் பாலக்காடு எல்லைப்புற மக்களுக்கு, மாநில எல்லையைக் கடந்து வரும் தண்ணீரின் அருமை நன்கு தெரியும். இத்தகைய நீர்ப் பகிர்வுக்கு இடுக்கி மலைப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வழிவகுத்தவர் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

1841 ஜனவரி 15-ஆம் தேதி புனேயில் பிறந்த அவர், 1849-இல் சில்லியன்வாலா போரில் தந்தையையும் மூத்த சகோதரரையும் ஒரே நாளில் இழந்தார். இங்கிலாந்தின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் பயின்று, பொறியாளராக இந்தியா திரும்பி, சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார்.

பெரியாற்றை வைகைப் படுகைக்குத் திருப்பும் எண்ணம் புதியதன்று. ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கு முயன்றார். பின்னர் ஆய்வு செய்த ஆங்கிலேய அதிகாரி அது இயலாது என ஒதுக்கினார். 1876-78 பஞ்சத்துக்குப் பின் அத்திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. திருத்திய திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு 1882-இல் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது.

1887-இல் பணி தொடங்கியது. அடர்ந்த காடு, காட்டு விலங்குகள், மலேரியா, காலரா ஆகியவை தொழிலாளர்களை வாட்டின. பலர் உயிரிழந்தனர். தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. ஆயினும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்தில் சுரங்கம் அமைக்கப்பட்டது. 1895 அக்டோபர் 10-ஆம் தேதி ஆளுநர் வென்லாக் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைமை வகித்த பென்னிகுயிக், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நதி வெள்ளத் தடுப்புக்கும் ஆலோசனை வழங்கினார். 1911 மார்ச் 9-ஆம் தேதி கேம்பர்லியில் காலமானார்.

பாசனத்துக்காகத் திருப்பப்பட்ட நீர், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலும் சேர்ந்து, இன்று மதுரையின் தாகத்தையும் தணிக்கிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது; அவரது பிறந்த நாளில் தேனி மாவட்ட விவசாயிகள் பொங்கல் வைத்து வழிபடுகின்றனர்.

அதேவேளையில், நூற்றாண்டைக் கடந்த அணையின் பாதுகாப்பு குறித்து, அதன் கீழ்ப்பகுதியில் வாழும் கேரள மக்களுக்கு அச்சம் உண்டு. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஒரு பக்கம் தாகம், மறுபக்கம் பாதுகாப்பு. இவ்விரண்டையும் காக்கும் கடமையை அந்தப் பொறியாளர் இரு மாநிலங்களுக்கும் விட்டுச் சென்றுள்ளார்.