தெருவைப் பொதுவாக்கிய தீர்மானம்: இரட்டைமலை சீனிவாசன்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். உடன் பயின்றோரில் பெரும்பாலோர் பார்ப்பனர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே படித்துக்கொண்டிருப்பார். பள்ளி முடிந்ததும் எவரும் தொடராதபடி விரைந்து வீடு திரும்புவார். தெரு என்பது அம்மாணவருக்கு ஒளிந்து கடக்கவேண்டிய இடமாக இருந்தது.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின் 1890இல் சென்னைக்கு வந்தார். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து 1921இல் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார்.

சாலைகளைப் பேணும் பொறுப்பை 1919, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் மாநகராட்சி, நகராட்சி, உள்ளூர் வாரியங்களிடம் அளித்திருந்தன. சாலை அமைப்பதும் விளக்கேற்றுவதும் துப்புரவு செய்வதும் மக்களின் வரிப்பணத்தில் நடந்தன. கல் உடைத்தவரும் குப்பை அள்ளியவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோரே. ஆனால், அச்சாலையில் யார் நடக்கலாம் என்பதைச் சாதி வழக்கமே தீர்மானித்தது.

இந்த முரணைச் சீனிவாசன் சட்டசபைக்குக் கொண்டுசென்றார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் அவரது தீர்மானம் 1924 ஆகஸ்ட் 22 அன்று நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணை பிறந்தது. சாலை உரிமை உள்ளாட்சி நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று.

ஆணை மட்டும் தெருவைத் திறந்துவிடவில்லை. அதே ஆண்டு பாலக்காட்டின் கல்பாத்தி அக்ரகாரத்தில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். நடந்தவரைக் காக்கவேண்டிய அதிகாரிகள், நடப்பதற்கே தடை விதித்தனர். நகராட்சித் தெருக்கள் சாதி, சமய வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்தவை என்னும் பிரிவு பின்னர் நகராட்சிச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் பங்கேற்ற சீனிவாசன், 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

அவரது வாழ்வு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. பள்ளத்தை நிரப்பித் தார் ஊற்றுவதுடன் சாலைப் பராமரிப்பு முடிந்துவிடுவதில்லை. சேரியின் வாசலில் சாலை நின்றுபோனாலோ, பொதுப்பாதையில் சடலம் செல்ல மறிக்கப்பட்டாலோ, அங்கே பழுதடைந்திருப்பது நிர்வாகம். அதைச் செப்பனிடுமாறு கேட்கும் உரிமை, வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு.