வயலின் மேதை மெஹ்லி மேத்தா

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

இசைக்கு மயங்காத உள்ளம் இவ்வுலகில் இல்லை. திருவிழாத் திருப்பலியில் பாடற்குழுவின் வயலின் இழையும்போது நம் மனம் உருகுகிறதல்லவா? அத்தகைய வயலின்கள் பல ஒன்றுகூடி, குழல், எக்காளம், முரசு ஆகியவற்றோடு சேர்ந்து ஒலித்தால் எப்படி இருக்கும்! அதுவே மேனாட்டுச் சிம்பொனி இசை. பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி போன்றோர் 19-ஆம் நூற்றாண்டில் படைத்த அவ்வரிய இசையை நம் நாட்டு மேடையில் ஒலிக்கச் செய்ய அரும்பாடுபட்டவர் மெஹ்லி மேத்தா.

இவர் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே வயலின்மீது தீராத ஆசை கொண்டார். உலகப் புகழ் பெற்ற ஹைஃபெட்ஸ் என்பவரைத் தம் மானசீகக் குருவாகக் கொண்டு, ஏகலைவனைப் போல் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியாலேயே பயின்றார்.

1935-இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார். சிம்பொனிக்குப் பலவகைக் கருவிகள் வேண்டும். ஒன்றுக்கு ஆள் இல்லையென்றாலும் இசை குறைபடும். கோவாவைச் சேர்ந்த கிறிஸ்தவ இசைஞர்கள் உட்படப் பலரையும் ஒன்றுசேர்த்து அவர் கச்சேரிகள் நடத்தினார்.

ஊரார் போற்றினாலும் தம் குறையை அவர் உணர்ந்திருந்தார். 1945-இல், ஏறத்தாழ 37 வயதில், ஐவன் கலாமியன் என்னும் ஆசிரியரிடம் மீண்டும் மாணவராய்ச் சேர நியூயார்க் சென்றார். மனைவி தெஹ்மினாவும், சுபின், சரின் என்னும் இரு சிறுவர்களும் பம்பாயில் காத்திருந்தனர். தந்தை கடல் கடந்து உழைக்கும் வீடுகள் நம் ஊர்ப்பக்கத்திலும் உண்டு. அப்பிரிவின் வேதனை நம்மில் பலருக்குத் தெரியும். மெஹ்லியின் புகழைப் பேசும்போது, குடும்பத்தைத் தாங்கி நின்ற அத்தாயையும் நாம் மறத்தலாகாது.

தாயகம் திரும்பியவர், 1955-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள ஹாலே இசைக்குழுவில் சேர்ந்தார். அவர் சென்றபின் பம்பாய்க் குழு நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று, 1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் சிம்பொனிக் குழு ஒன்றைத் தொடங்கினார். தாம் தேடி அலைந்த பயிற்சியை 33 ஆண்டுகள் இளைஞர்களுக்கு வாரி வழங்கினார். ஏறக்குறைய 90 வயதில்தான் ஓய்வு பெற்றார். 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. மகன் சுபின் மேத்தா உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர் ஆனார். 2006-இல் மும்பையில் இந்தியச் சிம்பொனி இசைக்குழு உருவாயிற்று. 2023-இல் அக்குழுவைத் தம் 87-ஆம் வயதில் சுபின் நடத்தியபோது, தந்தை கண்ட கனவு மகன் கையில் ஒலித்தது.

அன்புத் தோழியரே! கற்றுத்தர ஆளில்லை என்று நாம் சோர்ந்துவிடுகிறோம். எல்லாம் கற்றுவிட்டோம் என்று சில நேரம் செருக்கும் கொள்கிறோம். இவ்விரண்டும் இன்றி, பேர் பெற்ற பின்னும் மாணவராய் அமர்ந்த மெஹ்லி மேத்தாவின் பணிவை நாமும் கடைப்பிடிப்போமாக!