காட்டை அதன் போக்கில் விடச் சொன்ன மா. கிருஷ்ணன்

ஜவ்வாது மலைச் சுற்றுலாவின்போது விதைப்பந்து வீசலாம் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் மா. கிருஷ்ணன். நம் குடியிருப்பில் இளையவர்கள் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அழிந்துவரும் விலங்குகளைத் திரும்பக் கொண்டுவருவது, காட்டை மறுபடி காடாக்குவது என்றெல்லாம் இன்று தினமும் செய்தி வருகிறது. அதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு முன்பே யோசித்து வைத்த தமிழர் அவர். பந்து உருட்ட உட்காரும் முன் அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் எழுதிய அதே மாதவையாதான். எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணன் கடைக்குட்டி. 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே மாதவையா உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். தென்னிந்திய மலைச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் ஃபைசன். அவரோடு நீலகிரி, கொடைக்கானல் என்று அலைந்ததில் கிருஷ்ணனுக்குச் செடிகளில் பிடிப்பு உண்டானது. விலங்குகளின் படங்களுக்காகப் பெயர் பெற்ற மனிதருக்கு முதல் பாடம் செடியில் தொடங்கியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

படிப்பு முடிந்தும் நிலையான வேலை அமையவில்லை. 1942இல் சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் (இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரிப் பக்கம்) வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. 1949இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் எந்த அலுவலகத்திலும் சேரவில்லை. எழுத்தும் புகைப்படமும்தான் வருமானம். மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வுபெற்றால் பென்ஷன் என்று முப்பது வருடம் வாழ்ந்த என் போன்றவனுக்கு இது நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். காட்டில் படமெடுக்க அவர் வைத்திருந்த கேமரா வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பூட்டியது. கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். பல நேரம் கும்கி யானையின் முதுகில் உட்கார்ந்து எடுத்தார்.

1968இல் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளை நேரில் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தார். பத்மஸ்ரீயும் பெற்றார். புலிகள் திட்டம் தொடங்கியபோது அதன் வழிநடத்தும் குழுவிலும் இருந்தார். அங்கெல்லாம் அவர் விடாமல் சொன்னது ஒன்றுதான்: மண்ணுக்குரிய செடிகொடி இல்லாமல் மண்ணுக்குரிய விலங்கு இல்லை. வெளிநாட்டு மரங்களை நட்டுவிட்டு அதைக் காடு என்று சொல்வது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கெட்டுப்போன காட்டையும் மனிதன் கை வைக்காமல் விட்டால் அதுவே தேறும் என்பது அவர் கட்சி.

விலங்கை மட்டும் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப்பிரதேசத்தின் சந்திரபிரபா காடு சாட்சி. 1957இல் குஜராத்தின் கிர் காட்டிலிருந்து மூன்று சிங்கங்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பதினொன்றாகப் பெருகின. 1960களின் நடுவில் ஒன்றுகூட இல்லாமல் போயின. கிண்டியில் நடந்தது இன்னொரு விதம். வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அங்கே வெளியில் மரங்கள் பெருகப் பெருக, அதற்கு இருக்கும் இடம் சுருங்கியது. மரம் நட்டால் எல்லாம் நல்லது என்று நினைக்கிற நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்யும்.

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். திருப்பத்தூர் கிளையில் நான் வேலை பார்த்த காலத்தில் அந்த ஊர் என்றால் சந்தனக் கிடங்கும் ஏலமும்தான். அத்தனையும் அந்த மலையில் விளைந்த மரம். கடத்தலில் எவ்வளவோ போய்விட்டது. சந்தனம் தனியாக வளர்கிற மரம் அல்ல. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துச் சத்தை உறிஞ்சும். அதன் கறுத்த பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று, விதையை ஏதாவதொரு புதரடியில் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். துணைச்செடி, நிழல், முள்வேலி மூன்றும் அந்தப் புதரிலேயே கிடைத்துவிடும். இந்த வேலையை நம் வீட்டு மாடியில் உருட்டும் களிமண் பந்து செய்யுமா?

போதாததற்கு, நம் பட்டியலில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் இருக்கின்றன. இரண்டும் வெளிநாட்டு மரங்கள். நம் வாசலில் நிழலுக்கு இருக்கட்டும், மலைக்கு வேண்டாம். தவிர, காப்புக்காட்டுக்குள் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். நான் கேட்பது இதுதான்: விதைப்பந்துக்கு ஒதுக்கிய தொகையில் ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்குவோம். அங்கேயுள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது நேரடியாகப் போய்ச் சேரும். அவசியம் மரம்தான் நட வேண்டுமென்றால் என்ன மரம், எங்கே என்று வனத்துறையையும் அந்த மக்களையும் கேட்டுச் செய்வோம்.

கிருஷ்ணனோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் இங்கேதான். காட்டில் மனிதனே கூடாது என்ற பக்கம் அவர் சாய்ந்தவர். ஜவ்வாது மலையில் அது நடக்காது; தலைமுறை தலைமுறையாக அங்கே உழுது வாழ்கிறவர்களை எங்கே போகச் சொல்வது? ஆனால் வார இறுதியில் வேனில் போய் இறங்குகிற நம்மைப் பற்றி அவர் நினைத்திருக்கக்கூடியது அவ்வளவும் சரி.

கடைசிவரை மயிலாப்பூர்ப் பக்கத்து வீட்டிலிருந்தே எழுதினார். பட்டணத்துக் காகம், அணில், மைனா என்று அதிலும் அவருக்கு விஷயம் இருந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று காலமானார். நாற்பத்தாறு ஆண்டுகளாக எழுதிய ஸ்டேட்ஸ்மன் பத்தி அன்றைக்கும் வெளிவந்தது.