இமயம் ஏறிய டென்சிங்

தேயிலை மலையில் வாழும் நமக்கு மலையேற்றம் விளையாட்டன்று, அன்றாடத் தொழில். கொழுந்துக் கூடையைச் சுமந்து, மழையிலும் மூடுபனியிலும் சரிவுகளில் ஏறி இறங்கும் பீர்மேட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மலையின் அழகை மட்டுமன்றி அதன் கடுமையையும் அறியும். பிழைப்பு நாடி மற்றொரு தேயிலை மலைக்கு வந்து, சுமைகூலியாகத் தொடங்கி, உலகின் உச்சியில் கால் பதித்த டென்சிங் நார்கேயின் வரலாறு இம்மலரில் இடம் பெறுவது பொருத்தமே.

1914-ஆம் ஆண்டில், யாக் என்னும் சடையெருமை மேய்க்கும் எளிய ஷெர்ப்பாக் குடும்பத்தில் டென்சிங் பிறந்தார். பிறந்த நாள் இன்னதென்று அவருக்கே தெரியாது. எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பும் அமையவில்லை. ஏறத்தாழ 18 வயதில் வீட்டைத் துறந்து டார்ஜிலிங் வந்தார். இமயம் ஏற வரும் வெள்ளையர்கள் சுமை தூக்க ஆள் தேடும் ஊர் அது. 1933-இல் அவரை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1935-இல் எரிக் ஷிப்டன் குழுவில் இடம் கிடைத்தது. பிறகு 1936, 1938 எனப் பயணங்கள் தொடர்ந்தன.

அப்பணியின் அபாயம் எத்தகையது? நம் ஆனைமுடியின் உயரம் 8,842 அடி. மூன்று ஆனைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் 29,032 அடி உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முடியாது. அவ்வாறு அடுக்கிய உயரத்தையே மரண மண்டலம் என்பர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கே. உடல் தளரும், மூளை மயங்கும், விரல்கள் உறைந்து கருகும். வழியெங்கும் வாய் பிளந்த பனிப்பிளவுகள். எக்கணமும் உருளக்கூடிய பனிப்பாறைகள். 1950-இல் நங்கபர்வதத்திலும், 1951-இல் நந்தாதேவியிலும் தம்முடன் வந்த வெள்ளையர் இருவர் இருவராக மறைந்ததை டென்சிங் அறிந்தவர்.

1952-இல் சுவிட்சர்லாந்துக் குழுவினருடன் சென்றபோது, அவரும் ரேமண்ட் லாம்பர்ட்டும் 27,500 அடி உயரத்தில் படுக்கைப் பையோ அடுப்போ இன்றி ஓர் இரவைக் கழித்தனர். மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிக் குடித்தனர். உறங்கினால் உயிர் போகும் என்று ஒருவரையொருவர் தட்டி எழுப்பிக்கொண்டனர். மறுநாள் மேலும் ஏறி, உச்சிக்கு ஏறத்தாழ 800 அடி இருக்கையில் திரும்பினர். அவ்வாறு திரும்பியதனாலேயே அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஏற முடிந்தது.

1953-இல் பிரிட்டிஷ் குழுவின் ஷெர்ப்பாத் தலைவராகச் சென்றார். காட்மாண்டுவில் ஷெர்ப்பாக்களுக்கு மோட்டார்க் கொட்டகையில் இடம் தரப்பட்டபோது, தமக்குத் தனியறை இருந்தும் அவர்களோடு கொட்டகையிலேயே தங்கினார். மலையில் எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவொன்றில் விழுந்தபோது, கயிற்றை இறுக்கிப் பிடித்து அவர் உயிரைக் காத்தார். மே 29-ஆம் நாள் முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் சிகரத்தை அடைந்தனர். அங்கிருந்தது ஏறத்தாழ 15 நிமிடமே. டென்சிங் தம் சமயமுறைப்படி தின்பண்டங்களைப் பனியில் படைத்தார். மகள் தந்த பென்சிலையும் அங்கே வைத்தார்.

முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகம் நச்சரித்தது. ஹிலாரி சில அடிகள் முன்னே சென்றார் என்பதை டென்சிங் தம் வரலாற்று நூலில் ஒளியாது ஒப்பினார். ஒரே கயிற்றில் பிணைந்தவர்களுக்குள் முந்தியவர், பிந்தியவர் என்ற வேற்றுமை ஏது?

1954-இல் டார்ஜிலிங்கில் இமயமலை ஏறும் பயிற்சி நிலையம் தோன்றியபோது, களப்பயிற்சியின் முதல் இயக்குநரானார். அந்நிலையத்தில் இந்திய இளைஞர் பலர் பயின்றனர். 1959-இல் பத்மபூஷண் பெற்றார். அவருடைய மருமகன் நவாங் கோம்பு 1963-இலும், கோலியின் தலைமையில் ஒன்பது பேர் உச்சியடைந்த 1965-ஆம் ஆண்டு இந்தியப் பயணத்திலுமாக இருமுறை எவரெஸ்டை வென்றார். 1986 மே 9-ஆம் நாள் டென்சிங் இயற்கை எய்தினார்.

ஏழாம் முயற்சியிலேயே அவருக்குச் சிகரம் கிட்டியது. முந்தைய ஆறும் வீணல்ல; காற்றின் போக்கையும் பனியின் குணத்தையும் அவருக்குக் கற்பித்தவை அவையே. பிறர் வெற்றிக்காகச் சுமை தூக்கிய தோள்களில்தான் அந்த அறிவு சேர்ந்திருந்தது. மலையில் உழைக்கும் நம் பிள்ளைகள் இதனை அறிந்து தலைநிமிர்வார்களாக!