கண்ணியல் அறிஞர் ஜவால்

எமீல் ஜவால் 1839-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் பிறந்தார். முதலில் சுரங்கப் பொறியியல் கற்ற அவரை, உடன்பிறந்தாளின் மாறுகண் கண் மருத்துவத்தின்பால் ஈர்த்தது.

படிக்குங்கால் நம் கண் வரியின்மீது இடையறாது ஊர்ந்து செல்வதாக எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. கண் ஓரிடத்தில் நொடியின் கால் பங்களவு நிற்கும். பின்னர்ச் சட்டெனத் தாவும். நிற்கும்போதே எழுத்துப் புலனாகும். நூற்பாக்களுக்கு நன்னூலார் கூறிய உவமைகளால் சொன்னால், கண்ணின் செலவு ஆற்றொழுக்கன்று, தவளைப் பாய்த்தே. இதனை முதலில் கண்டறிந்தோருள் ஜவாலின் ஆய்வுக்கூடத்தாரும் அடங்குவர். அவருடன் உழைத்த லமார் என்பார் இமைமீது நுண்கருவி ஒன்றைப் பொருத்தி, கண் தாவுந்தோறும் எழுந்த ஒலியைக் கேட்டு எண்ணினார். கண்ணின் செலவைக் காதால் அளந்த விந்தை இது!

படிக்கும் கண்ணை ஆராய்ந்த அப்பெரியாரையே கண்ணழுத்த நோய் பற்றியது. 1900-இல் அவர் பார்வையை முற்றும் இழந்தார், ஆயினும் சோர்ந்திலர். பார்வையற்றோர் வாழ்முறை பற்றி 1903-இலும், படித்தல் எழுதுதல் பற்றி 1905-இலும் நூல்கள் வெளியிட்டார். 1907-இல் மறைந்தார். அந்நோய்க்கெனச் சென்னை அரசு கண் மருத்துவமனையில் இராபர்ட் எலியட் கண்ட புதிய அறுவை முறை 1909-இல் வெளியாயிற்று.