பாலத்தைத் தூக்கிய இன்ஜினியர்

நாமகிரிப்பேட்டையில் இருந்து ராசிபுரம் போய், ஆண்டகளூர் கேட்டில் சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையில் ஏறிப் பாருங்க. பஸ் எத்தனை பாலத்தைத் தாண்டுதுன்னு யாரும் எண்ணுறதில்லை. இந்த மாதிரி ஒரு சாலையை இன்னும் அகலப்படுத்தணும், அதுக்குப் பழைய பாலம் ஒன்றை இடிச்சுட்டுப் புதுசு கட்டணும்னு வைங்க. பொக்லைன் வந்து தட்டினா முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. ஆனா அது பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் பாலமா இருந்தா, தப்பான இடத்தில் கை வைத்தால் உயிர் போகும். ஏன்னு புரிய, ஒருத்தரோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும். அவர் யூஜென் ஃப்ரெசினே. நாம பரீட்சையில் ஃப்ரெசினெட் சிஸ்டம்னு எழுதுறோமே, அவரேதான்.

1879-ல் பிரான்ஸில் ஒப்ஜா என்ற சின்ன ஊரில் பிறந்தார். பாரிஸில் பாலங்களும் சாலைகளும் கட்டப் படித்துவிட்டு, 1905-ல் மூலன் என்ற ஊருக்கு அரசாங்க இன்ஜினியராகப் போனார். அங்கே அல்லியே ஆற்றின் மேல் மூன்று பாலங்கள் கட்டும் வேலை வந்தது. அதில் ஒன்று ல வேர்த்ர் பாலம். ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள மூன்று கான்கிரீட் வளைவுகள். அந்தக் காலத்துக்கு ரொம்ப ஒல்லியான, துணிச்சலான டிசைன்.

பாலம் திறந்து வண்டிகள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். வளைவுகளின் உச்சி மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. கான்கிரீட் அப்படிச் செய்யாது என்றுதான் அன்றைய விதிகள் சொல்லின. எடை ஏறினால் அமுங்கும், எடுத்தால் பழைய நிலைக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் உச்சி 13 சென்டிமீட்டர் வரை இறங்கிவிட்டது. அப்படியே விட்டால் பாலம் விழுந்துவிடும்.

அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நம்பிக்கையான சில ஆட்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போனார். கட்டும்போதே வளைவின் உச்சியில் ஜாக்கி வைக்க இடம் விட்டிருந்தார். அங்கே ஜாக்கி கொடுத்து வளைவுகளைத் திரும்பத் தூக்கினார். பிறகு உச்சியைக் கான்கிரீட் போட்டு அடைத்தார். அதற்கப்புறம் பாலம் அசையவில்லை. இரண்டாம் உலகப் போரில் தகர்க்கப்படும் வரை நின்றது.

இன்னொருத்தரா இருந்தா தப்பிச்சோம்டான்னு மறந்திருப்பார். இவரால் மறக்க முடியவில்லை. தொடர்ந்து எடை தாங்கும் கான்கிரீட் வருஷக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும் என்று கண்டுகொண்டார். இன்று அதைத்தான் க்ரீப்னு படிக்கிறோம்.

இது ஏன் முக்கியம்? மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருப்பீங்க, இல்லை தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீங்க. இரும்பைக் காய்ச்சி மாட்டுவாங்க. ஆறும்போது அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். கான்கிரீட்டையும் கம்பியால் அப்படி இறுக்கினால் விரிசல் விடாது. இந்த யோசனை முன்பே பலருக்கு வந்ததுதான். ஆனால் சாதாரணக் கம்பியை இழுத்துக் கட்டினால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. கான்கிரீட் சுருங்குவதும் கிட்டத்தட்ட அதே அளவு. சில மாதத்தில் இறுக்கம் போய்விடும். ஃப்ரெசினேக்குத் தீர்வு தெரிந்தது: அதைப்போல பல மடங்கு இழுக்கக்கூடிய உயர்வலிமைக் கம்பி. சுருக்கம் கொஞ்சம் தின்றாலும் மிச்சம் நிறைய இருக்கும். 1928-ல் காப்புரிமை வாங்கினார்.

அப்போது அவருக்கு 49 வயசு. 1930-ல் திறந்த புளுகாஸ்தெல் பாலத்தைக் கட்டிய புகழ்பெற்ற ஆள். ஆனாலும் நல்ல வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்த காசைப் போட்டு மின்கம்பம் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். பொருளாதார மந்தம் வந்தது. வாங்க ஆள் இல்லை. காசெல்லாம் போச்சு. பிறகு லஹாவ்ர் துறைமுகத்தில் புதிதாகக் கட்டிய கப்பல் நிலையம் மண்ணில் இறங்க ஆரம்பித்தது. இவர் தன் முறையால் அதை நிறுத்திக் காட்டினார். அங்கிருந்துதான் உலகம் இவரை நம்பியது. போருக்குப் பின், உடைந்துபோன பாலங்களுக்குப் பதிலாக மார்ன் ஆற்றில் 74 மீட்டர் நீளத்தில் ஐந்து பாலங்கள் கட்டினார். 1962-ல் இறந்தார். அதற்குள் அவர் முறை நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. 1950-களில் செங்கல்பட்டு பக்கம் பாலாற்றில் கட்டியது இந்தியாவின் ஆரம்பகால பிரீஸ்ட்ரெஸ்டு சாலைப் பாலங்களில் ஒன்று.

இப்போ இடிக்கிற விஷயத்துக்கு வருவோம். அந்த பீம் சும்மா படுத்திருக்கவில்லை. உள்ளே கம்பிகள் இழுத்த நிலையிலேயே இருக்கு. மேலே இருக்கும் தளத்தின் எடையை எடுத்துட்டா, அந்த விசை பீமை மேல்நோக்கி வளைச்சு உடைக்கப் பார்க்கும். கம்பியைச் சுற்றி க்ரௌட் சரியா நிரம்பலைன்னா, வெட்டின கம்பி முனையில் இருந்து சீறி வெளியே வரும். அதனால முட்டுக் கொடுத்து, வரிசைப்படி அறுத்து, பீமை கிரேனால் முழுசா இறக்கி, தரையில் வைத்து உடைப்பாங்க.

அடுத்த வருஷம் நம்மில் சிலர் இப்படி ஒரு சைட்டில் நிற்கப்போறோம். கீழே வேலை பார்க்கிறவங்களுக்கு அந்த விசை கண்ணுக்குத் தெரியாது. பழைய டிராயிங்கைத் தேடி எடுத்து, கம்பி எங்கே போகுதுன்னு பார்க்காம வெட்டச் சொல்லாதீங்க. பாலம் திறந்த பிறகும் போய் அளந்து பார்த்தவர் கண்டுபிடிச்ச விசை அது.