திருப்பி அனுப்பப்பட்ட மருத்துவர்



2025ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், மறைபரப்பு ஞாயிறன்று, திருத்தந்தை 14ஆம் லியோ உரோமையில் எழுவரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் வெனிசுவேலா நாட்டின் மருத்துவர் ஹோசே கிரகோரியோ ஹெர்னாண்டஸ். துறவியாக விரும்பினார், முடியவில்லை. குருவாக விரும்பினார், அதுவும் முடியவில்லை. பொதுநிலையினராகவே வாழ்ந்து மறைந்தவர் இன்று பீடத்தில் வைத்து வணங்கப்படுகிறார்.

ஆண்டீஸ் மலைப்பகுதியில் இஸ்னோத்து என்ற சிற்றூரில் 1864 அக்டோபர் 26 அன்று அவர் பிறந்தார். தந்தை கடை வைத்திருந்தார். எட்டு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். சட்டம் படிக்க ஆசைப்பட்ட மகனை, மருத்துவம் படிக்கும்படி தந்தை கேட்டுக்கொண்டார். மகனும் கீழ்ப்படிந்து தலைநகர் கராகாசுக்குச் சென்று படித்தார்.

1888ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். தலைநகரிலேயே மருத்துவமனை அமைக்க உதவி கிடைத்தது. அதை ஏற்கவில்லை. தம் ஊரில் மருத்துவர் இல்லை, அங்கே போவதே தம் கடமை என்று முடிவு செய்தார். கடல் கடந்து, ஏரி கடந்து, மலையேறி ஊர் வந்து சேர்ந்தார்.

மலையில் அவர் கண்டது என்ன? ஏறக்குறைய எல்லாருக்கும் சீதபேதி அல்லது ஆஸ்துமா. சிலருக்குக் காசநோய். மருந்துக் கடையிலோ நல்ல மருந்து கிடையாது. இவற்றைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. நோய்க்குக் காரணம் செய்வினை என்று மக்கள் நம்பினார்கள். கறுப்புக் கோழிக்கும் மந்திரச் சொல்லுக்கும் இருந்த மதிப்பு மருத்துவருக்கு இல்லை. இதை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வருத்தத்தோடு குறிப்பிட்டார். ஆனாலும் அவர்களை விட்டு ஓடவில்லை. த்ருஹியோ, மெரிதா, தாச்சிரா ஆகிய மூன்று மலை மாநிலங்களிலும் பயணம் செய்து நோயாளிகளைப் பார்த்தார்.

1889இல் அரசு அவரைப் பாரிசுக்கு அனுப்பியது. நுண்ணுயிரியலும் உடலியங்கியலும் கற்று, நுண்ணோக்கி முதலிய ஆய்வுக் கருவிகளோடு 1891இல் திரும்பினார். கராகாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஒரு தலைமுறை மருத்துவர்களை உருவாக்கினார். நாள்தோறும் திருப்பலி, பிறகு வகுப்பு, பிறகு நோயாளிகள். ஏழைகளிடம் பணம் வாங்கவில்லை. பலருக்கு மருந்தையும் தாமே வாங்கிக் கொடுத்தார்.

எனினும் அவர் உள்ளம் துறவறத்தை நாடியது. 1908இல் இத்தாலியின் பர்னேத்தாவிலுள்ள கார்த்தூசியன் மடத்தில் சேர்ந்தார். குளிரையும் கடின உழைப்பையும் அவர் உடல் தாங்கவில்லை. ஒன்பது மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். 1913இல் குருத்துவப் படிப்புக்காக உரோமைக்குச் சென்றார். நெஞ்சக நோய் கண்டு, அடுத்த ஆண்டு மீண்டும் ஊர் திரும்பினார்.

தம்மையே கடவுளுக்குக் கொடுக்கப் போனவரைக் கடவுள் ஏன் திருப்பி அனுப்பினார்? குருவாகிய எனக்கு இக்கேள்வி எளிதானதல்ல. குருத்துவமே இறையழைத்தலின் உச்சி என்பதுபோல் நாங்கள் பல நேரங்களில் பேசிவிடுகிறோம். ஆனால் 1918இல் கொள்ளைக் காய்ச்சல் கராகாசைத் தாக்கியபோது, நோயாளிகளின் அருகில் அந்த மருத்துவர் இருந்தார். மடத்துக் கதவு திறந்திருந்தால் அங்கே இருந்திருப்பாரா?

1919 ஜூன் 29, புனித பேதுரு, பவுல் பெருவிழா. ஏழை மூதாட்டி ஒருவருக்காக மருந்து வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தவர், கார் மோதி இறந்தார். வயது 54. இறுதி ஊர்வலத்தில் நகரமே திரண்டது.

2017இல், சாலை வசதியற்ற ஓர் ஊரில், பத்து வயதுச் சிறுமியின் தலையில் கொள்ளையரின் குண்டு பாய்ந்தது. பல மணி நேரம் படகில் பயணம் செய்துதான் மருத்துவமனையை அடைய முடிந்தது. தாய் இந்த மருத்துவரிடம் மன்றாடினார். சிறுமி நலமடைந்தாள். அதுவே 2021 ஏப்ரல் 30 அன்று அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்படுவதற்கான புதுமையாக ஏற்கப்பட்டது. மருத்துவர் இல்லாத ஊருக்காகத் தலைநகரை விட்டவர், மருத்துவர் எட்டாத ஊரிலிருந்து எழுந்த குரலை விண்ணகத்திலும் கேட்டார். 2025 பிப்ரவரியில் அவரது புனிதர் பட்டத்துக்கு இசைவளித்தபோது, திருத்தந்தை பிரான்சிசும் மருத்துவமனையில் நோயாளியாகவே இருந்தார்.

அன்பர்களே, மருத்துவ முகாமுக்காக மலைக் கிராமங்களுக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. காலையில் ஏறி மாலையில் இறங்கும்போது, என்ன செய்துவிட்டோம் என்ற சோர்வு வரலாம். நோயாளி மருந்தைத் தின்னாமல் மந்திரிக்கப் போனால் கோபம் வரலாம். புனித ஹோசே கிரகோரியோவும் அந்தச் சோர்வை அறிந்தவரே. அவர் நம்பாதவர்களையும் நேசித்தார். நேசித்தவர்களுக்காக இன்னும் நன்றாகக் கற்றார்.

நாம் விரும்பிய கதவு அடைக்கப்படும்போது, நம்மைத் தேடி நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கும் வரத்தை அவர் வழியாக மன்றாடுவோம். ஆமென்.